அரியலூருக்குக் கடல் மறுபடியும் வருமா? கம்ப்யூட்டர் போட்ட கணக்கு!

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் ஒரு காலத்தில் அலையடித்த கடல் திரும்பி வருமா? வந்தால் எப்போது வரும்? எவ்வளவு உயரம் வரும்? இதற்கு விஞ்ஞானிகள் ராட்சத கம்ப்யூட்டர்களில் கணக்குப் போட்டு விடை வைத்திருக்கிறார்கள். இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு பரபரப்பு.

ஊர்க் குளத்தைத் தூர் வாரினார்கள். மண்ணுக்குள் இருந்து உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பின. பெரிசும் சிறிசுமாக, பார்ப்பதற்கு முட்டை மாதிரியே இருந்தன.

"டைனோசர் முட்டைடா!" என்று யாரோ ஒருவர் வாயைத் திறந்தார். அவ்வளவுதான். செல்போனில் படம் பறந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் குளத்தங்கரைக்கு ஓடி வந்தார்கள். கையில் ஒன்றைத் தூக்கிக் கொண்டு போட்டோ எடுக்காதவர்கள் பாக்கி இல்லை.

பிறகு விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்தார்கள். "இது முட்டை அல்ல. அம்மோனைட் என்ற கடல் பிராணி புதைந்த படிவம்" என்று சொன்னார்கள்.

முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்து விட்டது. ஜனங்களுக்கு ஏமாற்றம்.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அப்புறம்தான் இருந்தது. குன்னத்தில் இருந்து கடல் 80 கிலோ மீட்டருக்கு மேல். கடல் பிராணிக்குக் குன்னத்துக் குளத்தில் என்ன வேலை?

பதில் சின்னது. அது கடலை விட்டு எங்கேயும் வரவில்லை. கடல்தான் அங்கே இருந்தது!

சுறா நீந்திய ஊர்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. இடையிடையே கடல் பின்வாங்கும். மறுபடி வரும். இப்படியே பல லட்சம் ஆண்டுகள்.

காரை கிராமத்துப் பக்கம் போனால் மழை அரித்த செம்மண்ணும் மஞ்சள் மண்ணுமாக, ஓடையும் மேடுமாக ஒரு பொட்டல் வெளி கிடக்கும். சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டால் விட மாட்டார்கள். அங்கே தரையைக் குனிந்து பார்த்தால் சிப்பி, நத்தை போலச் சுருண்ட அம்மோனைட், தோட்டாவைப் போல் கூரான பெலம்னைட் என்று கடல் சாமான்களாகவே கிடைக்கும். சுறா மீன் பல்லும் இந்த மண்ணில் கிடைத்திருக்கிறது.

கல்லங்குறிச்சி சுண்ணாம்புக் கல்லில் கை அகலத்துக்குச் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கருடமங்கலத்துக் கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் உள்ளே இருக்கும் கிளிஞ்சல் எல்லாம் பூ மாதிரி தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குத் "திருச்சி மார்பிள்" என்று பெயர்.

சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற நிலவியல் நிபுணர் 1940-ல் அதைக் கண்டுபிடித்து வெளியுலகுக்குச் சொன்னார். ஆறு அடித்து வந்து கடல் சேற்றில் புதைத்த மரம் அது.

இந்தக் கற்களை எச்.எப்.பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் ஊர் ஊராக நடந்து ஆராய்ந்து, 1862-ல் அறிக்கை எழுதினார். அடுக்குகளுக்கு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். அந்தப் பெயர்களை இன்றும் உலகம் முழுவதும் நிலவியல் படிக்கிறவர்கள் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது. எனக்கும் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒருநாள் இறங்கிப் பார்க்கலாம்.

கடல் ஏன் இங்கே வந்தது?

முதல் காரணம், இந்தியா அப்போது இங்கே இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. அதற்கும் முன்னால் அண்டார்டிகாவோடு ஒட்டிக் கொண்டு கிடந்தது. பிய்த்துக் கொண்டு கிளம்பியபோது, பிய்ந்த ஓரத்தில் தரை பள்ளமாகிக் கடல் உள்ளே புகுந்தது. அந்தப் பள்ளம்தான் காவிரிப் படுகை.

அடுத்தது, அந்தக் காலத்தில் பூமி ஒரே உஷ்ணம். காற்றில் கரியமில வாயு இன்றைக்கு இருப்பதைவிட அதிகம். துருவங்களில் இன்றைக்குப் போல் பெரும் பனிமலைகள் கிடையாது. அந்தத் தண்ணீர் எல்லாம் கடலிலேயே கிடந்தது. கடலுக்கு அடியில் உள்ள மலைத் தொடர்களும் உப்பி இருந்தன. அதனால் உலகக் கடல் மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது.

உஷ்ணம் கூடினால் கடல் ஏறும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் வெளிநாடு போக வேண்டாம். குன்னத்துக் குளத்துக்குப் போனால் போதும்.

இப்போது என்ன நடக்கிறது?

அரியலூர் ரெயில் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக் கொண்டிருந்தேன். இந்தச் செய்திக்காக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் டீக்கடைக்காரர் கேட்டார். "ஏன் சார், பேப்பர்ல போடுறாங்களே, கடல் ஏறுதுன்னு. நம்ம ஊருக்கு வந்துருமா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ரெயில் நிலையத்திலேயே இருக்கிறது.

பிளாட்பாரத்தில் மஞ்சள் போர்டில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், கடல் மட்டத்தில் இருந்து ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருப்பார்கள். தினமும் போய் வருகிறவர்கள் கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள். அரியலூர் சுமார் 75 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரம்பலூர் அதைவிட மேடு, சுமார் 140 மீட்டர். (பெரம்பலூருக்கு ரெயிலே கிடையாது, போர்டுக்கு எங்கே போவது? அது தனிச் செய்தி.)

இங்கே ஒரு சங்கதி. கடல் மட்டம் என்றால் எந்தக் கடல்? என்றைக்கு இருந்த கடல்?

வெள்ளைக்காரன் ஆட்சியில் கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாவில் பால்ஸ் பாயிண்ட் ஆகிய 9 இடங்களில் கடல் அலையை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அந்தச் சராசரியை "பூஜ்யம்" என்று 1909-ல் முடிவு செய்தார்கள். நாட்டில் மலை உயரம், ரெயில் நிலைய உயரம் எல்லாம் அந்தப் பூஜ்யத்தை வைத்துப் போட்ட கணக்குத்தான்.

அந்தப் பூஜ்யம் இப்போது நகர்ந்து விட்டது!

1901-ம் ஆண்டில் இருந்து 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டி மீட்டர் ஏறியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு சாண். போர்டு மாறவில்லை. கடல் மாறி விட்டது.

ஒரு சாண்தானே என்று நினைக்கலாம். வேகத்தைப் பார்த்தால்தான் பகீர் என்கிறது. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மில்லி மீட்டர். 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லி மீட்டர். செயற்கைக் கோள்கள் 1993-ல் இருந்து கடலை மேலே இருந்து அளந்து வருகின்றன. 2014 முதல் 2023 வரையிலான 10 ஆண்டுகளில் வேகம் ஆண்டுக்கு 4.77 மில்லி மீட்டர் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. செயற்கைக் கோள் அளந்த முதல் 10 ஆண்டு வேகத்தைப் போல் இது இரண்டு மடங்குக்கு மேல்.

நம் பக்கத்துக் கதையும் அதேதான். இந்தியாவைச் சுற்றியுள்ள வட இந்தியப் பெருங்கடலில் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லி மீட்டர் வரை ஏறியது. 1993 முதல் 2017 வரை 3.3 மில்லி மீட்டர். மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் புள்ளி இருக்கிறது.

ஜோசியம் அல்ல, கணக்கு!

சரி, இன்னும் 75 ஆண்டு கழித்து எவ்வளவு ஏறும் என்று இப்போதே எப்படிச் சொல்ல முடியும்? கிளி ஜோசியமா?

இல்லை. கடைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். இது வரவு-செலவுக் கணக்கு.

சூரியனிடம் இருந்து பூமிக்கு வரும் உஷ்ணம் வரவு. பூமியில் இருந்து வானத்துக்குத் திரும்பும் உஷ்ணம் செலவு. இரண்டும் சமமாக இருந்தால் வியாபாரம் ஒரே சீராகப் போகும். காற்றில் கரியமில வாயு கூடினால் அது போர்வை மாதிரி மூடிக் கொள்ளும். செலவு குறையும். பாக்கி உஷ்ணம் இங்கேயே தங்கும். அப்படித் தங்கும் உஷ்ணத்தில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் கடலுக்குள் போய் விடுகிறது. கடல் என்பது நம் பேங்க் பாஸ்புக் மாதிரி. எல்லாம் அதில் ஏறிக் கொண்டே இருக்கிறது.

விஞ்ஞானிகள் பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டம் ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் அகலம். அரியலூர், பெரம்பலூர் இரண்டும் சேர்ந்து ஒரே கட்டத்தில் அடங்கி விடும். காற்றில் மேல் மேலாகப் பல அடுக்கு, கடலுக்குள் கீழே கீழே பல அடுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு உஷ்ணம், எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பக்கத்துப் பெட்டிக்கு எவ்வளவு போனது என்று கழிக்கிறது. சில நிமிஷ நேரத்துக்கான கணக்கு முடிந்ததும் அடுத்த சில நிமிஷத்துக்கு நகர்கிறது. இப்படியே 2100-ம் ஆண்டு வரை! எத்தனை குமாஸ்தாக்கள் உட்கார்ந்தாலும் தீராத கணக்கு.

இதற்கு வழிகாட்டியவர் சியுகுரோ மனாபே. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் புனே நகரில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதுபோன்ற மாதிரியை உருவாக்கியிருக்கிறது. அதன் கணக்கும் ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கைக்குப் பயன்பட்டது.

கடல் ஏறுவதற்கு வழிகள் சில. சுட வைத்தால் பால் பொங்குவது வேறு விஷயம். ஆனால் தண்ணீரும் சூடானால் கொஞ்சம் பெருக்கத்தான் செய்யும். ஒரு சட்டித் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடலில் தெரியும். அடுத்தது இமயமலை, ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் உள்ள பனி உருகி வருவது. அடுத்தது கிரீன்லாந்து. கடைசியாக அண்டார்டிகா. இத்தோடு நிலத்தடி நீரை மோட்டார் போட்டு உறிஞ்சி எடுக்கிறோமே, அதுவும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கடலில்தான் சேர்கிறது.

பொய்க் கணக்கா, மெய்க் கணக்கா என்று சோதிக்காமல் விஞ்ஞானிகள் விடுவதில்லை. 1850-ல் இருந்து கணக்கை ஓட விட்டு, நடந்து முடிந்ததோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்கிறார்கள். இன்னொரு சோதனை தானாகவே நடந்தது. 1990-களின் நடுவில் ஐ.நா. குழு, அடுத்த 30 ஆண்டில் கடல் ஏறக்குறைய 8 சென்டி மீட்டர் ஏறும் என்று சொல்லி வைத்தது. 30 ஆண்டு ஓடி விட்டது. செயற்கைக் கோள் அளந்து காட்டியது சுமார் 9 சென்டி மீட்டர். கொஞ்சம் குறைத்துச் சொல்லி விட்டார்கள், அவ்வளவுதான். காரணம், துருவப் பனி அவர்கள் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்தது.

முழங்காலா? இடுப்பா?

இனி எதிர்காலம். ஐ.நா. குழுவின் கணக்கு இது:-

உலக நாடுகள் கரியமில வாயுவை வேகமாகக் குறைத்து விட்டால், 2100-ல் கடல் 28 முதல் 55 சென்டி மீட்டர் வரை ஏறும். அதிகபட்சம் முழங்கால் மட்டம்.

எதையும் குறைக்காமல் எரித்துக் கொண்டே போனால் 63 சென்டி மீட்டர் முதல் 1.01 மீட்டர் வரை. அதாவது இடுப்பு மட்டம். (இரண்டுமே 1995 முதல் 2014 வரை இருந்த சராசரி மட்டத்துக்கு மேல்.)

இதோடு முடியவில்லை. அண்டார்டிகாவின் மேற்குப் பகுதியில் பனிமலைகள் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. கடல் நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. பனி மளமளவென்று சரிந்தால் 2100-க்குள் கடல் 2 மீட்டரை நெருங்கவும் கூடும். நடக்கும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. நடக்காது என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2 மீட்டர் என்றால் நின்ற ஆள் முழுகி விடுவான்.

கம்ப்யூட்டர் ஏன் ஒரே நம்பரைச் சொல்வதில்லை என்று பலர் கிண்டல் செய்கிறார்கள். நம்பர் மாறுவதற்குப் பாதிக் காரணம் அண்டார்டிகா. மீதிக் காரணம் நாம். எவ்வளவு எரிக்கப் போகிறோம் என்பது மனிதன் கையில் இருக்கிறது. அது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்ததால்தான் அரியலூரில் கடல் புகுந்தது. இப்போது நாகப்பட்டினத்துக் கடல் எவ்வளவு ஏறும் என்பதையும் அதே அண்டார்டிகாதான் முடிவு செய்யப் போகிறது.

அரியலூர் தப்பியது!

டீக்கடைக்காரருக்குப் பதில் கிடைத்து விட்டது. 75 மீட்டர் எங்கே, 2 மீட்டர் எங்கே! அவர் காலத்திலும் சரி, அவர் பேரன் பேத்தி காலத்திலும் சரி, அரியலூர் கடைத்தெருவுக்கு அலை வராது.

ஆனால் ஒரு கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. உலகத்தில் உள்ள பனி அத்தனையும் உருகினால் கடல் 65 மீட்டருக்கு மேல் ஏறுமாம். அண்டார்டிகா மட்டும் 58 மீட்டர். கிரீன்லாந்து 7 மீட்டர். அப்படி ஆனால் அரியலூர் டவுன் மேட்டில் நிற்கும். மாவட்டத்தின் கிழக்கே தாழ்ந்த பகுதிகள் எல்லாம் கடலாகி விடும். பழைய கடல், பழைய இடத்துக்கே! இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். இப்போது ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

தூக்கம் கெட வேண்டியது வேறு இடத்தில்.

லாரிக்கு 8 டன்!

அரியலூரில் ரோட்டில் நின்றால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும். புழுதி கண்ணைக் கட்டும். தமிழக அரசின் சிமெண்டு ஆலை 1979-ல் இங்கே வந்தது. தனியார் ஆலைகளும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிற தொழில்.

அந்தச் சுண்ணாம்புக்கல் எது? பழைய கடலில் வாழ்ந்து செத்த சிப்பியும் கிளிஞ்சலும்தான். அவை உயிரோடு இருந்தபோது கடல் நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவைப் பிடித்து ஓடாகக் கட்டிக் கொண்டன. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது பூமிக்குள் பூட்டிக் கிடந்தது.

சிமெண்டு சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது அந்தப் பூட்டு திறந்து கொள்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லை வேக வைத்தால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்து போகும். 20 டன் கல் ஏற்றிய ஒரு லாரி, நூற்றுக்கு 90 பங்கு சத்துள்ள கல் என்றால், ஏறக்குறைய 8 டன் வாயு. சூளைக்கு எரிக்கிற நிலக்கரியின் புகை இதில் சேராது. அது தனி. உலகத்தில் மனிதன் வெளியேற்றும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலில் இருந்து வருகிறது.

ஆக, பழைய கடல் பூட்டி வைத்ததைத் திறந்து விட்டு, புதிய கடலை ஏற்றிக் கொண்டிருக்கிறோம்.

இதற்காக ஆலையை மூடு என்றால் யார் ஒப்புக் கொள்வார்கள்? நானும் சொல்ல மாட்டேன். 2004-ல் சுனாமி அடித்த பிறகு நாகை கடற்கரையில் குடிசை போய் கான்கிரீட் வீடு வந்ததே, அதுவும் சிமெண்டில்தான். சாம்பலும் கசடும் கலந்து சுண்ணாம்புக்கல்லைக் குறைத்துச் சிமெண்டு செய்கிற முறை இருக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டு மூட்டை நம் ஊர்க் கடைகளிலேயே விற்கிறது. வீடு கட்டுகிறவர்கள் "அது பலமாக இருக்குமா?" என்று முகம் சுளிப்பதுதான் பாக்கி. முறைப்படி நீர் விட்டு ஆற வைத்தால் பலமாகவே இருக்கும்.

அடிவாங்கப் போவது யார்?

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் ஓடுவது கொள்ளிடம். திருமானூரைத் தாண்டி, அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணையைத் தாண்டி, பழையாறு பக்கம் கடலில் கலக்கிறது. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அங்கே கொள்வினை கொடுப்பினை உண்டு. நெல் வியாபாரம் உண்டு.

அங்கே நிலம் தட்டை. ஒரு கிலோ மீட்டர் நடந்தாலும் ஒரு மீட்டர் கூட மேடேறாது. அங்கே ஒரு முழம் கடல் ஏறுவது என்பது சுவரில் ஏறுவது மாதிரி அல்ல, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. அலை வந்து வீட்டை இடிக்கும் முன்பே உப்பு வந்து விடும். ஆற்று வாய் வழியாக உள்ளே ஏறும். கிணற்றில் கரிக்கும். வயலில் பயிர் கருகும். இன்னொரு பக்கம், 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே தங்கி விடுகிறது. புது மண் வராத டெல்டா, கடலோடு மல்லுக்கட்ட முடியாது.

2022 ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடுதிட்டு கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டு வந்தார்கள். அது மேட்டூரில் இருந்து வந்த உபரி நீர். கடல் செய்த வேலை அல்ல. ஆனால் இதே வெள்ளம், கடல் ஒரு முழம் ஏறி நிற்கிற காலத்தில் வந்தால் என்ன ஆகும்? சாக்கடை வாயில் கல்லைப் போட்ட மாதிரி, வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் தேங்கும்.

தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோவிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாண்டியர் காலத்துக் கோவில். முன் பகுதியைக் கடல் தின்று விட்டது. கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றினார்கள்.

1956-ஐ மறக்க முடியுமா?

தண்ணீர் மட்டத்தில் கணக்குத் தப்பினால் என்ன ஆகும் என்று அரியலூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1956 நவம்பர் 23. விடியற்காலை. சென்னையில் இருந்து தூத்துக்குடி போய்க் கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரெயில், மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் கவிழ்ந்தது. மழையில் ஆறு பெருகி கரையை அரித்து விட்டிருந்தது. தூக்கத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் பிணமானார்கள். ரெயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். இன்றைக்கும் இந்த ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக் கொள்கிறார்கள்.

பாலம் கட்டுகிறவர்கள் இதுவரை வந்த அதிகபட்ச வெள்ளம் எவ்வளவு என்று பார்த்துத் தூணில் கோடு போடுவார்கள். அந்தக் கோடு பழைய காலத்துக் கோடு. இன்றைக்கு ஆற்று முகத்துவாரத்தில் கட்டும் பாலமும், தடுப்பணையும், மீன்பிடித் துறைமுகமும் 2100-ல் நின்று கொண்டிருக்க வேண்டியவை. அரியலூர் ஆஸ்பத்திரியில் இன்றைக்குப் பிறக்கிற குழந்தைக்கு அப்போது 75 வயதுதான் ஆகியிருக்கும். டெண்டர் போடும்போது கோட்டை எங்கே போடுகிறார்கள், ரெயில் நிலையப் போர்டில் உள்ள 1909-ம் ஆண்டுக் கடலுக்கா, கம்ப்யூட்டர் சொல்லும் 2100-ம் ஆண்டுக் கடலுக்கா? முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே எந்த நம்பரை எடுத்துக் கொண்டார்கள்? பொதுப்பணித்துறை வேலை எதுவானாலும் ஜனங்கள் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

புனே நிறுவனத்தின் நிபுணர்களைக் கொண்டு தயாரித்த அந்த 2020 அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. கரியமில வாயு நடுத்தர அளவில் கூடினால், தண்ணீர் சூடாகிப் பெருப்பதால் மட்டும் நம் பக்கத்துக் கடல் இந்த நூற்றாண்டு முடிவில் சுமார் 30 சென்டி மீட்டர் ஏறும். உலகச் சராசரி 18 சென்டி மீட்டர்தான். பனி உருகி வருகிற தண்ணீர் இந்தக் கணக்கில் சேரவில்லை. அது மேல்வரும்படி.

இதையெல்லாம் டீக்கடைக்காரரிடம் சொன்னேன். அடுத்த டீயைப் போட்டுக் கொண்டே கேட்டார். அரியலூருக்கு வராது என்றதும் சிரித்தார். காசைக் கூட வாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கல்லாவில் இருந்தபடியே கேட்டார். "பெரிய பொண்ண நாகப்பட்டினத்துல கட்டிக் கொடுத்திருக்கேன் சார். அங்க ஸ்டேஷன்லயும் அந்த மாதிரி போர்டு இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

"அதுல எத்தனை மீட்டர் போட்டிருப்பான்?"

ஒற்றை இலக்கம்தான்.